வீட்டு வீடியோக்களின் சைஸைக் குறைத்து இணையத்தில் ஏற்றுவது எப்படி?

கல்யாண டிவிடி, காதுகுத்துக் கேசட், போனில் எடுத்த பிறந்தநாள் வீடியோ என்று எல்லா வீட்டிலும் ஒரு குவியல் கிடக்கிறது. வெளியூரில் இருக்கும் அக்காவும் சித்தப்பாவும் பார்க்கட்டுமே என்று அதை இணையத்தில் ஏற்ற உட்கார்ந்தால், ஃபைல் நாலு ஜிபி, அப்லோடு பாதியில் நிற்கிறது, சுருக்கினால் முகமே தெரியவில்லை. எங்கள் வீட்டுக் குவியலை ஏற்றி முடிப்பதற்குள் நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். சுருக்குவது ஒரே ஒரு முறைதான் நடக்கவேண்டும், அதுவும் அசல் ஃபைலில் இருந்து. சுருக்கியதை எடுத்து மறுபடியும் சுருக்கினால் ஒவ்வொரு முறையும் படம் கெடும், இழந்தது திரும்ப வராது. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை எடுத்து யூடியூபில் போடுபவர்களுக்குப் படம் கலங்கலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

1. எங்கே ஏற்றப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எவ்வளவு சுருக்குவது என்பது வீடியோ போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்தது. நீளமான கல்யாண வீடியோ என்றால் என் வாக்கு யூடியூபுக்குத்தான். காசு கிடையாது, கூகுளின் 15 ஜிபி இலவச இடத்தையும் அது தின்னாது. சரிபார்த்த கணக்கில் 12 மணி நேரம் அல்லது 256 ஜிபி வரை ஒரே வீடியோவாக ஏற்றலாம். ஆக, யூடியூபைப் பொறுத்தவரை சைஸ் வரம்பு ஒரு பிரச்சினையே இல்லை. உங்கள் நெட் வேகம்தான் பிரச்சினை.

கூகுள் டிரைவ், கூகுள் போட்டோஸ் இரண்டும் அந்த 15 ஜிபிக்குள்தான் அடங்கவேண்டும். ஜிமெயிலும் அதே இடத்தைத்தான் பகிர்கிறது. இடம் நிரம்பிவிட்டால் மெயில் வருவதும் போவதும் நின்றுவிடும். வங்கி மெயில்கள் வரும் கணக்கில் குடும்ப வீடியோக்களைக் கொட்டவேண்டாம், அதற்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அதுவே தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிடும். தரம் குறையாமல் போகவேண்டும் என்றால் 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். டெலிகிராமிலும் இலவசக் கணக்குக்கு 2 ஜிபி வரம்பு. ஜிமெயில் இணைப்பு 25 எம்பிதான், அதை மறந்துவிடலாம்.

2. கையில் இருக்கவேண்டியவை, ஆகும் செலவு

யூடியூபில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்றவேண்டும் என்றால் போன் நம்பரைச் சரிபார்த்தாகவேண்டும். எஸ்எம்எஸ் அல்லது போன் அழைப்பில் ஒரு எண் வரும், அதை உள்ளிட்டால் முடிந்தது. இதைச் செய்யாமல் இரண்டு மணி நேர வீடியோவை ராத்திரி முழுக்க ஏற்றிவிட்டுக் காலையில் பார்த்தால், நீளம் அதிகம் என்று அது நிராகரிக்கப்பட்டிருக்கும். ஒரே போன் நம்பரை ஒரு வருடத்தில் இரண்டு சேனல்களுக்குத்தான் பயன்படுத்த முடியும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நம்பரைக் கொடுத்திருந்தால் கவனம் தேவை.

கணினியில் காலி இடம் வேண்டும். ஒரு டிவிடிக்கு அசலும் சுருக்கியதும் சேர்த்து ஆறு ஏழு ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய லேப்டாப்புகளில் டிவிடி டிரைவ் இருப்பதில்லை. யூஎஸ்பியில் சொருகும் வெளி டிரைவ் ஒன்று சுமார் இரண்டாயிரம் ரூபாய் ஆகும். ஒருமுறை வேலைக்காக வாங்க மனமில்லை என்றால் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், பழைய டெஸ்க்டாப் வைத்திருக்கும் யாரிடமாவது கட்டாயம் இருக்கும். சுருக்க நாம் பயன்படுத்தப்போகும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளுக்கு ஒரு பைசாவும் செலவில்லை.

இணையத்திலேயே சுருக்கித் தரும் தளங்கள் நிறைய உண்டு. அவற்றை நாடாதீர்கள். பெரிய ஃபைலை அங்கே ஏற்றத்தான் முதலில் உங்கள் நெட் தவிக்கும், அப்புறம் சுருக்குவதில் என்ன லாபம்? அதைவிட முக்கியம், உங்கள் வீட்டுக் குழந்தைகளின் வீடியோ முன்பின் தெரியாத ஒருவரின் சர்வரில் போய் உட்காருகிறது.

3. ஒரு சின்னக் கணக்கு

ஃபைல் சைஸை முடிவு செய்வது பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா செலவாகிறது என்பது. 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்) பிட்ரேட்டில் ஒரு நிமிடத்துக்கு 7.5 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி ஆகும். இந்த ஒரு வரி போதும், மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

இரண்டு மணி நேரம் ஓடும் 4.7 ஜிபி டிவிடியின் பிட்ரேட் சுமார் 5 எம்பிபிஎஸ். டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்ற பழைய முறை. அதே படத்தை எச்.264 முறையில் மாற்றினால் ஒன்றரை முதல் இரண்டு எம்பிபிஎஸ்ஸிலேயே கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் அடங்கிவிடும். ஒன்றரை என்று வைத்தால் ஃபைல் 1.35 ஜிபி.

நேரக் கணக்கும் இதே போலத்தான். ஜிபியை 8,000-ஆல் பெருக்கி அப்லோடு வேகத்தால் வகுத்தால் எத்தனை நொடி என்று கிடைக்கும். 3 எம்பிபிஎஸ் அப்லோடு உள்ள மொபைல் நெட்டில் 4.7 ஜிபி ஏற மூன்றரை மணி நேரம் ஆகும், 1.35 ஜிபி ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வேகத்தைப் பார்க்கும்போது டவுன்லோடு எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், அப்லோடு எண் பெரும்பாலும் அதில் சிறு பங்குதான். தினம் 1.5 ஜிபி தரும் பிளானில் அந்த அளவு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழுந்துவிடும், அப்லோடு அங்கேயே நின்றதாக அர்த்தம். இரவு 12 மணிக்கு மேல் புதுநாள் கணக்கில் தொடங்குவது நல்லது.

4. டிவிடியை முதலில் அப்படியே நகலெடுங்கள்

டிவிடியில் இருந்து நேரடியாகச் சுருக்க வேண்டாம். உள்ளே 'வீடியோ_டிஎஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முழுதாக ஹார்டு டிஸ்குக்கு காப்பி செய்யுங்கள். கடையில் எழுதித் தந்த டிவிடிகள் பத்து வருடம் தாண்டினால் படிக்க முரண்டு பிடிக்கும். ஒரு டிரைவில் படிக்காத தட்டு இன்னொரு டிரைவில் படிக்கலாம், எனவே உடனே தூக்கி எறியாதீர்கள். மெல்லிய துணியால் நடுவில் இருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது.

அந்த ஃபோல்டருக்குள் விஓபி என்ற ஃபைல்கள் ஒவ்வொன்றும் 1 ஜிபி அளவில் வெட்டப்பட்டுக் கிடக்கும். புதிதாக வருபவர்கள் முதல் விஓபியை மட்டும் திறந்து மாற்றிவிட்டு, மாங்கல்யதாரணத்துக்கு முன்பே வீடியோ முடிந்துவிடுகிறதே என்று திகைப்பார்கள். தனித்தனி ஃபைலைத் தொடாதீர்கள், ஃபோல்டரையே மென்பொருளிடம் கொடுங்கள்.

கேசட் என்றால் மாற்றித் தரும் கடைக்காரரிடம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: 720×576 அளவு, நொடிக்கு 25 ஃபிரேம், 4:3 விகிதம், அகலத் திரைக்கு இழுக்கக் கூடாது. எங்கள் கேசட்டை ஒரு கடையில் 16:9-ஆக இழுத்துத் தந்தார்கள், தாத்தா முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் பருத்துப் போயிருந்தார்கள். திரும்பப் போய் மாற்றி வாங்கவேண்டி வந்தது. மாற்றிய பிறகு கேசட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

5. ஹேண்ட்பிரேக்கை நிறுவுங்கள்

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் இலவச, திறமூல மென்பொருள் ஹேண்ட்பிரேக். அதிகாரபூர்வத் தளம் ஹேண்ட்பிரேக் டாட் எஃப்ஆர். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்காதீர்கள், அதே பெயரில் போலித் தளங்கள் உண்டு. பணம் கேட்டால் அது ஹேண்ட்பிரேக் இல்லை. விண்டோஸில் முதல் முறை திறக்கும்போது மைக்ரோசாஃப்டின் 'டாட் நெட் டெஸ்க்டாப் ரன்டைம்' வேண்டும் என்று கேட்கலாம். அதை மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்தே இறக்கி நிறுவுங்கள்.

6. அமைப்புகள்: இங்கேதான் பொறுமை வேண்டும்

ஹேண்ட்பிரேக்கில் ஃபோல்டரைத் திறந்ததும் 'டைட்டில்' என்ற இடத்தில் ஒன்றோ பலவோ தெரியும். நீளம் அதிகமாக உள்ளதுதான் முழு வீடியோ. சில ஸ்டுடியோக்கள் நலங்கு, முகூர்த்தம், வரவேற்பு என்று தனித்தனி டைட்டிலாகப் பிரித்திருப்பார்கள், அப்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாக 'கியூ'வில் சேர்க்கவேண்டும்.

பிரீசெட் (முன்பே தயாராக உள்ள அமைப்புத் தொகுப்பு) என்ற இடத்தில் நம் ஊர் டிவிடிக்கு 'ஃபாஸ்ட் 576பி25' எடுங்கள். இந்தியாவில் 'பால்' (PAL) என்ற டிவி முறைதான், 576 வரி, 25 ஃபிரேம். 480பி30 அமெரிக்க முறைக்கானது, அதை எடுத்தால் காரணமே இல்லாமல் படத்தின் நுணுக்கம் குறையும். 1080-க்கு உயர்த்துவதும் வேண்டாம். இல்லாத விவரத்தை அது உண்டாக்காது, ஃபைல்தான் பருக்கும்.

'சம்மரி' பகுதியில் எம்பி4 என்று வையுங்கள், 'வெப் ஆப்டிமைஸ்டு' என்பதில் டிக் அடியுங்கள். டிரைவில் இருந்து நேரடியாகப் பார்ப்பவர்களுக்கு முழுதும் இறங்கும் முன்பே வீடியோ ஓடத் தொடங்கும்.

'டைமென்ஷன்ஸ்' பகுதியில் அனமார்ஃபிக் என்பது 'ஆட்டோமேட்டிக்' ஆகவே இருக்கட்டும். அகலத்தையும் உயரத்தையும் நீங்களே எண் போட்டு நிரப்பினால் முகங்கள் நீண்டோ சப்பையாகவோ போகும்.

அடுத்தது 'ஃபில்டர்ஸ்'. கேசட், டிவிடி, பழைய ஹேண்டிகேம் எல்லாவற்றிலும் படம் இன்டர்லேஸ்டு. அதாவது ஒரு ஃபிரேமின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் வெவ்வேறு கணத்தில் பதிவானவை. டிவியில் தெரியாது. கணினியிலும் போனிலும் பார்க்கும்போது யாராவது கையை அசைத்தால் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரியும். இதைச் சரிசெய்யாமல் சுருக்கினால் அந்தக் கோடுகள் படத்திலேயே நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும், அவற்றைப் பதிவு செய்யவே பிட்ரேட் வீணாகும். 'டீஇன்டர்லேஸ்' என்ற இடத்தில் 'டீகாம்ப்' இயல்பாகவே இருக்கும். அதில் கோடு மிச்சமிருந்தால் 'யாடிஃப்' என்று மாற்றி, மேலே உள்ள 'இன்டர்லேஸ் டிடெக்ஷன்' என்பதை ஆஃப் செய்யுங்கள்.

கேசட்டில் இருந்து வந்த படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் அது மாறிக்கொண்டே இருப்பதால், மென்பொருள் அதையும் முக்கியமான விவரம் என்று எண்ணிச் சேமிக்கும். 'டீநாய்ஸ்' இடத்தில் 'என்எல்மீன்ஸ்' தேர்ந்து, அளவை 'லைட்' என்று வைத்தால் படமும் தெளியும், சைஸும் நன்றாகவே குறையும். ஆனால் மெதுவாக ஓடும். அளவை அதற்கு மேல் கூட்டாதீர்கள், பட்டுப்புடவையின் ஜரிகை வேலைப்பாடு மழுங்கிவிடும்.

'வீடியோ' பகுதியில் எச்.264 எடுங்கள். எச்.265 இன்னும் சிறிதாக்கும், உண்மைதான். ஆனால் மாற்ற அதிக நேரம் பிடிக்கும், பழைய டிவிகளிலும் கணினிகளிலும் ஓடாது. விண்டோஸில் அதற்குத் தனியாகக் கட்டணம் கட்டி ஒரு நீட்சி வாங்கவேண்டி வரலாம். ஊரில் பெரியம்மா வீட்டு டிவியில் பென் டிரைவ் போட்டுப் பார்க்கவேண்டும் என்றால் எச்.264தான் பத்திரம்.

அதன் கீழே ஆர்எஃப் என்று ஒரு ஸ்லைடர். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 40 வரை ஏற்றிவிடுகிறார்கள். டிவிடிக்கு 18 முதல் 22, 1080 வீடியோவுக்கு 20 முதல் 24, 4கே வீடியோவுக்கு 22 முதல் 28 என்பது ஹேண்ட்பிரேக்கே தரும் பரிந்துரை. ஆறு எண் கூட்டினால் சைஸ் ஏறத்தாழப் பாதியாகும் என்பது நல்ல கைக்கணக்கு. நான் கேசட் படங்களுக்கு 21 வைத்தேன், அதற்கு மேல் போனால் இருட்டான மண்டபக் காட்சிகளில் கட்டம் கட்டமாக உடைகிறது. இதன் பக்கத்தில் 'என்கோடர் பிரீசெட்' என்று ஒன்று உண்டு. அதை 'ஸ்லோ' பக்கம் நகர்த்தினால் நேரம் கூடும், ஆனால் அந்தச் சைஸுக்கு இன்னும் நல்ல படம் கிடைக்கும்.

ஒலிக்கு ஏஏசி 128 அல்லது 160 கேபிபிஎஸ் போதும். இதில் மிச்சம் பிடிக்க முயலாதீர்கள். 160 கேபிபிஎஸ் என்றாலும் மணிக்கு 72 எம்பிதான். நாதஸ்வரமும் பாட்டியின் குரலும் தெளிவாகக் கேட்க அந்த விலை கொடுக்கலாம்.

7. போன் வீடியோவாக இருந்தால்

ஐபோனில் 4கே, நொடிக்கு 60 ஃபிரேம் என்று வைத்திருந்தால் ஒரு நிமிடத்துக்கு 400 எம்பி, 4கே 30 ஃபிரேம் என்றால் 170 எம்பி, 1080 30 ஃபிரேம் என்றால் 60 எம்பி. கேமரா செட்டிங்கிலேயே இந்த அளவுகள் எழுதியிருக்கும். உறவினர்கள் போனில் பார்க்கத்தான் போகிறார்கள் என்றால் இனிமேல் எடுப்பதை 1080 30-லேயே எடுங்கள், பாதித் தொல்லை தீரும். ஏற்கெனவே 4கேயில் எடுத்ததை 'ஃபாஸ்ட் 1080பி30' பிரீசெட்டில் போட்டால் போதும். டீஇன்டர்லேஸ், டீநாய்ஸ் எதுவும் தேவையில்லை.

போனில் இருந்து கணினிக்கு யூஎஸ்பி கேபிளில் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொண்டு அங்கிருந்து எடுத்தால் ஏற்கெனவே சுருங்கியதுதான் கையில் கிடைக்கும்.

சுருக்கிய புது ஃபைலில் எடுத்த தேதி மறைந்து இன்றைய தேதி ஏறிவிடக்கூடும். கூகுள் போட்டோஸில் போட்டால் பத்து வருடத்துக்கு முந்தைய முதல் பிறந்தநாள் இந்த மாதத்தில் போய் நிற்கும். அதனால் பெயரின் தொடக்கத்திலேயே வருடம், மாதம் எழுதிவிடுங்கள்: '1998-06-அத்தை-கல்யாணம்' என்பது போல. பெயர் வரிசையில் அடுக்கினால் காலவரிசையிலும் அமைந்துவிடும்.

8. முதலில் ஒரு நிமிடம், பிறகு முழுதும்

இரண்டு மணி நேரத்தையும் மாற்றிவிட்டு அப்புறம் குறை காண்பது வீண். 'ரேஞ்ச்' என்ற இடத்தில் 'செகண்ட்ஸ்' தேர்ந்து ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். எந்த நிமிடம் என்பதுதான் முக்கியம். மணமக்கள் அசையாமல் நிற்கும் காட்சி எப்போதும் நன்றாகத்தான் வரும். அட்சதை தூவும் இடம், நாற்காலிக்கு நடுவே பிள்ளைகள் ஓடும் இடம், பட்டாசு வெடிக்கும் இடம், இப்படி அசைவு மிகுந்த பகுதியைச் சோதியுங்கள். அது தேறினால் மீதியும் தேறும். அந்த நிமிடத்தின் சைஸை மொத்த நிமிடங்களால் பெருக்கினால் முழு ஃபைலின் சைஸும் தோராயமாகத் தெரிந்துவிடும்; அசைவு மிகுந்த நிமிடம் என்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும்.

திருப்தி என்றால் எல்லா டைட்டிலையும் கியூவில் சேர்த்து இரவில் ஓடவிடுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போடுங்கள், தானாகத் தூங்கும் அமைப்பை நிறுத்துங்கள், மெத்தை மேல் வைக்காதீர்கள், நன்றாகச் சூடாகும். முடிந்ததும் தானே அணைந்துவிடும்படி ஹேண்ட்பிரேக்கிலேயே அமைக்கலாம்.

9. யூடியூபில் ஏற்றும்போது

கணினியின் பிரவுசரில் இருந்து ஏற்றுங்கள். நடுவில் நெட் போனால் பயப்படவேண்டாம், 24 மணி நேரத்துக்குள் அதே ஃபைலை மறுபடி தேர்ந்தெடுத்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரும்.

யார் பார்க்கலாம் என்ற கேள்விக்கு 'அன்லிஸ்டெட்' என்று வைத்தால் இணைப்பு கையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்க்கலாம், கூகுள் கணக்கு தேவையில்லை. ஆனால் அந்த இணைப்பை குடும்ப குரூப்பில் இருந்து யாராவது ஃபார்வர்டு செய்தால் உங்களால் தடுக்க முடியாது. 'பிரைவேட்' என்று வைத்தால் ஒவ்வொருவரின் கூகுள் மெயில் முகவரியையும் சேர்க்கவேண்டும். வயதானவர்களுக்கு அது சிரமம். கல்யாணம், கிரகப்பிரவேசம் என்றால் அன்லிஸ்டெட். மஞ்சள் நீராட்டு போன்றவற்றுக்கு, அந்தப் பெண்ணிடமே கேட்டு அவள் சரி என்று சொன்னால் மட்டும், பிரைவேட். குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் காட்சிகளை எந்த முறையிலும் ஏற்றாதீர்கள். குழந்தையின் நலனுக்கே அது ஆகாது, யூடியூப் விதிகளின்படி வீடியோ நீக்கப்பட்டுச் சேனலுக்கும் எச்சரிக்கை வரலாம்.

நம் ஊர்க் கல்யாண வீடியோக்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. எடிட் செய்தவர்கள் மாலை மாற்றுவதில் தொடங்கிப் பந்தி வரை சினிமாப் பாட்டாகப் போட்டு நிரப்பியிருப்பார்கள். காப்புரிமை உள்ள பாட்டைத் தானே அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அதை உடனே கண்டுபிடித்துவிடும். அன்லிஸ்டெட், பிரைவேட் என்று வைத்தாலும் தப்ப முடியாது. பெரும்பாலும் உரிமைக்கோரல் மட்டும்தான் வரும். வீடியோ ஓடும், விளம்பரம் வந்தால் பணம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும். வீட்டு வீடியோவுக்கு அதனால் நஷ்டம் இல்லை. சில பாடல்களுக்கு மட்டும் சில நாடுகளிலோ எல்லா நாடுகளிலுமோ வீடியோவே தடுக்கப்படும். ஏற்றும்போது 'Checks' (சரிபார்ப்பு) என்று ஒரு படி வரும். அது முடியும் வரை காத்திருந்து, தடை உண்டா, எந்த நாட்டில் என்று படியுங்கள். துபாயிலும் கனடாவிலும் இருப்பவர்களுக்காக ஏற்றிவிட்டு அங்கே திறக்காமல் போனால் என்ன பயன்? தடை என்றால் யூடியூப் ஸ்டுடியோவிலேயே அந்தப் பாட்டை மட்டும் நீக்கும் வசதி உண்டு. இதற்காக மறுபடி சுருக்கவோ ஏற்றவோ வேண்டாம்.

ஏற்றிய உடனே பார்த்தால் படம் மங்கலாக இருக்கும். யூடியூப் முதலில் குறைந்த தரத்தில்தான் தயார் செய்யும், உயர்ந்த தரம் பிறகு வரும். சில மணி நேரம் பொறுங்கள். அவசரப்பட்டு அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் டேட்டாதான் வீண்.

10. அசலை அழிக்காதீர்கள்

யூடியூபில் இருக்கிறதே என்று கணினியில் இருப்பதை நீக்கிவிடுகிறார்கள். யூடியூப் ஸ்டுடியோவில் இருந்து உங்கள் வீடியோவையே திரும்ப இறக்கினால் அதிகபட்சம் 720பிதான் கிடைக்கும். நகலெடுத்த வீடியோ_டிஎஸ் ஃபோல்டர்கள், போன் வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் போட்டு வையுங்கள். இன்னொரு பிரதியை வேறு வீட்டில், அண்ணனோ தங்கையோ வைத்திருக்கட்டும்.

கடைசியாக, இணைப்பை குரூப்பில் போடும் முன் பிரவுசரில் 'இன்காக்னிட்டோ' திறந்து அதில் ஒட்டிப் பாருங்கள். உங்கள் கணக்கில் இருந்து பார்த்தால் பிரைவேட் வீடியோவும் ஓடத்தான் செய்யும், மற்றவர்களுக்கு ஓடாது. அங்கே படமும் ஒலியும் தொடக்கத்தில், நடுவில், கடைசியில் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.